பெரியவரே, கொஞ்சம் ஒதுங்குங்க

பிப்ரவரி 3, ஞாயிறு

இன்று காலை நங்கூரக் கட்சியில் சேர்ந்தேன். பஸ் நிலையத்துக்கு எதிரே பந்தல் போட்டிருந்தார்கள். நகரச் செயலாளர் அடைக்கலம் என் தோளில் நீலத் துண்டைப் போட்டார். முப்பது வருடமாக எல்லாக் கட்சிக்கும் போஸ்டர் அடித்துக் கொடுத்தவன் நான். அம்பாள் அச்சகம் சிங்காரவேலு என்றால் எந்தக் கட்சியும் இல்லாத மனுஷன் என்றுதான் ஊரில் பேர். அதனால் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ஏன் சேர்ந்தீர்கள் என்று கேட்டு மைக்கை நீட்டினார்கள். கட்சியின் கொள்கையால் ஈர்க்கப்பட்டேன் என்றேன். கை தட்டினார்கள்.

கொள்கையும் இல்லை, கொழுக்கட்டையும் இல்லை. காரணம் ஒரே ஒரு ஆள். என் சம்பந்தி ராசமாணிக்கம், ஊஞ்சல் கட்சியின் நகரச் செயலாளர். இந்த ஊரில் அவரைத் தோற்கடிக்கத் தெம்பு உள்ள ஒரே கட்சி நங்கூரம். அந்தத் தெம்பு கத்தரிக்காய்க் கட்சிக்கு இருந்திருந்தால் அதில் சேர்ந்திருப்பேன்.

வெளியே சொல்ல முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன். போன ஆனியில் என் ஒரே மகள் அமுதவல்லிக்கும் அவர் மகன் வெற்றிவேந்தனுக்கும் கல்யாணம். முகூர்த்தம் ஏழரையிலிருந்து ஒன்பது. மாவட்டச் செயலாளர் வந்து தாலி எடுத்துக் கொடுத்தால்தான் கல்யாணம் என்று சொல்லிவிட்டார் ராசமாணிக்கம். அவர்கள் வீட்டுப் பழக்கம் அப்படி. மாப்பிள்ளை பிறந்தபோதுகூடத் தலைவர் வந்து பெயர் வைக்கட்டும் என்று ஏழு மாதம் 'தம்பி' என்றே கூப்பிட்டு வளர்த்தார்களாம். முகூர்த்தம் போய், ராகு காலமும் வந்து போய், பத்தே முக்காலுக்கு 'மாவட்டம்' வந்தார். பின்னால் நூறு பேர். மேடை மஞ்சள் கரை வேட்டிகளால் நிறைந்துவிட்டது. தாலியைக் கையில் எடுக்கிற நேரத்தில் ஒரு தொண்டன் என் தோளைப் பிடித்தான்.

"பெரியவரே, கொஞ்சம் ஒதுங்குங்க. போட்டோவுல மறைக்குது."

ஒதுங்கினேன். கெட்டிமேளம் கொட்டியது. எனக்குத் தெரிந்தது வியர்வையில் நனைந்த ஒரு சட்டை முதுகுதான். என் மகள் கழுத்தில் தாலி ஏறியதை நான் பார்க்கவில்லை. பெற்றவன் நான், பார்க்கவில்லை. ராசமாணிக்கம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். அவனை ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை.

ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும். வந்துவிட்டது. ஏப்ரலில் நகராட்சித் தேர்தல்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கமலவேணி துண்டைப் பார்த்தாள். "பொண்ணு அஞ்சு மாசம் முழுகாம இருக்கா. தலைப்பிரசவத்துக்கு இங்கதான் வரணும். இந்த நேரத்துல சம்பந்தி வீட்டோட மல்லுக்கு நிக்கணுமா?"

சாப்பாடு போடு என்றேன்.

பிப்ரவரி 5, செவ்வாய்

நீலக்கரை வேட்டி நான்கு எடுத்தேன். மற்றத் துணியோடு ஊற வைக்க மாட்டேன் என்கிறாள் கமலவேணி. சாயம் ஒட்டுமாம். தனி வாளி வாங்கி வந்தேன்.

பிப்ரவரி 10, ஞாயிறு

அச்சக வாசலில் கொடிக்கம்பம் நட்டோம். ராசமாணிக்கம் கார் இந்த வழியாகத்தான் கடைத்தெருவுக்குப் போக வேண்டும். அதற்காகவே இந்த இடம். முகம் கறுத்துப் போவதைப் பார்க்க வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கார் வந்தது, நின்றது, கண்ணாடி இறங்கியது.

"சம்பந்தி, கம்பம் கொஞ்சம் சாஞ்சிருக்கு. அடியில ரெண்டு கல்லு வையுங்க."

கார் போய்விட்டது. பிறகு எதிர்ப் பக்கம் போய் நின்று பார்த்தேன். சாய்ந்துதான் இருந்தது. கல் வைக்கவில்லை. வைக்கவும் மாட்டேன்.

பிப்ரவரி 19, செவ்வாய்

அமுதா போன் செய்தாள். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று நான் கேட்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"எதுக்குப்பா கட்சியில சேர்ந்தீங்க?"

"கொள்கைம்மா."

"என்ன கொள்கை? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, கேட்போம்."

மேசையில் அன்று அடித்த நோட்டீஸ் ஈரத்தோடு கிடந்தது. அதைப் பார்த்து, "கடைக்கோடி மனிதனுக்கும் கௌரவம்" என்று வாசித்தேன்.

"படிக்காதீங்கப்பா. மை காயுற வாசனை இங்க வரைக்கும் வருது."

சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு குரல் மாறி, "மாமா ஒண்ணும் சொல்லல. நீங்க பெருசு பண்ணாம விட்டுருங்க" என்றாள். மாமா ஒன்றும் சொல்லாததுதானே எல்லாவற்றுக்கும் காரணம். அதை இவளிடம் எப்படிச் சொல்வது? வைத்துவிட்டேன்.

மார்ச் 8, வெள்ளி

இன்று பெரிய நாள். அடைக்கலம் மூன்றாவது வார்டில் ராசமாணிக்கத்தை எதிர்த்து நிற்கிறார். செக்கடித் தெரு முனையில் முதல் கூட்டம். பேச்சாளர் பாதி வழியில் பஸ் பழுதாகி நின்றுவிட்டார். கூட்டம் கலைய ஆரம்பித்தது. "அண்ணே, நீங்க ஏதாவது பேசுங்க, அஞ்சு நிமிசம் தாக்குப் பிடிங்க" என்று என்னை மேலே ஏற்றிவிட்டார் அடைக்கலம்.

எனக்கு என்ன தெரியும்? கல்யாணக் கதையைச் சொன்னேன். பெண்ணைப் பெற்றவனையே ஒதுங்கு என்றவர்கள் உங்களை என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். கலைந்த கூட்டம் திரும்பி வந்தது. ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடைக்கலம் என்னைக் கட்டிப் பிடித்து, "இத்தன நாளா இத எங்கண்ணே வச்சிருந்தீங்க?" என்றார்.

நெஞ்சுக்குள்தான் வைத்திருந்தேன். வெளியே எடுத்தபோது எவ்வளவு சுகமாக இருந்தது.

மார்ச் 16, சனி

தினமும் இரண்டு கூட்டம். எல்லாத் தெருவிலும் கல்யாணக் கதைதான் கேட்கிறார்கள். சொல்லச் சொல்ல மெருகு ஏறுகிறது. இப்போதெல்லாம் அந்தத் தொண்டன் என்னைத் தள்ளி விடுகிறான், நான் மேடையிலிருந்து விழுகிறேன். மணவறையில் அமுதா 'அப்பா' என்று அலறுகிறாள். கூட்டம் அந்த இடத்தில் உச்சுக் கொட்டுகிறது. நடக்காததைச் சொல்கிறோமே என்று முதல் நாள் உறுத்தியது. எனக்குள் நடந்தது இதைவிட மோசம். அந்தக் கணக்குக்கு இது சரிதான்.

மார்ச் 17, ஞாயிறு

என் பேச்சை யாரோ போனில் எடுத்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள். மீன் கடையில் கூட ஓடுகிறது.

மார்ச் 21, வியாழன்

அமுதா போனை எடுக்கவில்லை. மாசமாக இருப்பவர்களுக்குத் தூக்கம் அதிகம் வரும்.

மார்ச் 22, வெள்ளி

இன்றும் எடுக்கவில்லை.

ஏப்ரல் 10, புதன்

சம்பந்தி வீட்டில் அமுதாவுக்கு வளைகாப்பு. ஏழு வகைச் சோறும் கண்ணாடி வளையலும் பூவும் பழமும் எடுத்துக்கொண்டு நாங்கள் பதினைந்து பேர் போனோம். முடிந்ததும் அவளை அழைத்து வந்துவிடுவது என்று ஏற்பாடு. அவள் அறைக்கு வெள்ளை அடித்து, மின்விசிறி மாற்றி, கட்டிலைச் சன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருந்தேன். சாதாரண வேட்டி கட்டிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினாள் கமலவேணி. நீலக்கரைதான் கட்டினேன்.

வாசலில் ஆளுயர பிளக்ஸ். அமுதாவின் படம், நிறைந்த வயிற்றோடு. கீழே 'மருமகளை மகளாய்ப் போற்றும் மக்கள் தலைவர்' என்று ராசமாணிக்கம் கும்பிடுகிறார். என் பேச்சுக்குப் பதிலடி. ஊர்க்காரர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எங்கோ மட்டமான இடத்தில் கொடுத்து அடித்திருக்கிறார். என் மகளின் முகத்தில் பச்சை அடித்திருந்தது.

உள்ளே போனதும் ராசமாணிக்கம் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். "சம்பந்தி, முன்னாடி வந்து உக்காருங்க. நல்லா தெரியும்." பத்துப் பேர் கேட்கும்படி சொன்னார். எப்பேர்ப்பட்ட நடிகன். பின் வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

வளையல் அடுக்கி, நலங்கு வைத்து எல்லாம் முடிந்தது. அமுதா எழுந்து கமலவேணியின் காதில் ஏதோ சொன்னாள். மாப்பிள்ளை ஒரு ஆட்டோவைக் கொண்டு வந்து நிறுத்தினார். எங்கள் வேனுக்குப் பின்னால் வருவார்கள் என்று நினைத்துப் புறப்பட்டேன். ஆட்டோ கீழத் தெருவில் திரும்பி, ஒரு மாடி வீட்டின் முன் நின்றது. வேனைத் திருப்பச் சொல்லி, இறங்கிப் போனேன்.

"இது யாரு வீடு?"

"எங்க வீடுப்பா. வாடகைக்குப் பிடிச்சிருக்கோம்."

"தலைப்பிரசவம் அம்மா வீட்டுலதானேம்மா..."

"அங்க போனா உங்க கதையில அலறணும். இங்க இருந்தா மாமா பிளக்ஸுல நிக்கணும். அம்மா மட்டும் வரட்டும், போதும்."

கை நிறைய வளையல் குலுங்கக் குலுங்கப் படியேறிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

இது ராசமாணிக்கத்தின் வேலை. சந்தேகமே இல்லை. என் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று அவர்தான் தூண்டிவிட்டிருக்கிறார்.

ஏப்ரல் 11, வியாழன்

'என் மகளை என் வீட்டுக்கு அனுப்பாமல் சிறை வைத்திருக்கிறார்' என்று மாலைக் கூட்டத்தில் பேசினேன். இதுவரை வாங்காத கைதட்டல்.

வீட்டுக்கு வந்தால் கமலவேணி வாசலில் நிற்கிறாள். பையை எடுத்துக்கொண்டு கீழத் தெருவுக்குப் புறப்பட்டுவிட்டாள். தினமும் காலையில் வந்து சமைத்து வைத்துவிட்டுப் போவாளாம். நான் ஒன்றும் சின்னப் பிள்ளை இல்லை என்றேன். சரி என்று சாவியை வைத்துவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 20, சனி

ரசம் வைத்தேன். நாய்கூடக் குடிக்காது.

ஏப்ரல் 30, செவ்வாய்

ஜெயித்தோம். பதினோரு ஓட்டு வித்தியாசம். ராசமாணிக்கம் தோற்றார், தோற்றார், தோற்றார். எழுத எழுத இனிக்கிறது.

எண்ணும் இடத்திலிருந்து அவர் வெளியே வரும்போது வாசலில் நேராகப் போய் நின்றேன். கண்ணைப் பார்க்க வேண்டும் என்று நின்றேன். அவர், "அமுதாவுக்குக் கால் வீங்கியிருக்குன்னு தம்பி சொன்னான். நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டார். தோற்ற நேரத்தில் கேட்கிற கேள்வியா இது? பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன்.

ஊர்வலம் அவர் வீட்டு வழியாகப் போக வேண்டும் என்று நான்தான் சொன்னேன். அவர் வாசலில் பத்தாயிரம் வாலா வெடித்தோம். கீழத் தெரு வழியாகவும் போகலாமா என்று அடைக்கலம் கேட்டார். வேண்டாம், அந்தத் தெரு குறுகல் என்றேன்.

மே 12, ஞாயிறு

கம்பம் இன்னும் சாய்ந்துவிட்டது.

ஜூன் 6, வியாழன்

பேத்தி பிறந்திருக்கிறாள்.

கமலவேணி போன் செய்தபோது நன்றி அறிவிப்புக் கூட்டத்தில் இருந்தேன். மேடையிலேயே அடைக்கலம் அறிவித்துவிட்டார். அப்படியே எல்லோரும் இரண்டு காரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கூட்டத்தைக் கண்டு நர்ஸ் கோபித்துக்கொண்டார். "ஒரே ஒரு ஆள் வாங்க, பிள்ளையைக் காட்டுறேன்."

எல்லோரும் அடைக்கலத்தைப் பார்த்தார்கள். கவுன்சிலர் ஆயிற்றே. நான் முன்னால் போனால் நன்றாக இருக்காது. நீங்களே போய்ப் பாருங்கள் என்று விட்டுக்கொடுத்தேன். உள்ளே போய்விட்டு வந்து, "அண்ணே, உங்க மூக்குதாண்ணே" என்றார். எல்லோருக்கும் சந்தோஷம்.

நாளைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 9, ஞாயிறு

கீழத் தெருவுக்கு வந்துவிட்டார்களாம். அம்மா மட்டும்தான் என்ற சட்டம் இன்னும் இருக்கிறதாம். ராசமாணிக்கத்துக்கும் அதே சட்டம். அந்த வகையில் நிம்மதி. கமலவேணி போனில் படம் காட்டினாள். கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது. மூக்கு என் மூக்குதான்.

ஜூன் 25, செவ்வாய்

எனக்குத் தோன்றியதிலேயே நல்ல யோசனை இதுதான். பேத்திக்குப் பெயர் வைக்க எங்கள் கட்சியின் மாநிலத் துணைத் தலைவர் வருகிறார். அடைக்கலம் பேசி முடித்துவிட்டார். ஜூலை பதினான்கு, அதே கல்யாண மண்டபம், அதே மேடை. ராசமாணிக்கத்துக்கும் அழைப்பு உண்டு. அவர் வருவார், பேத்தியைப் பார்க்க வராமல் இருக்க மாட்டார். வந்து மேடையில் நிற்பார். அப்போது ஒரு தொண்டன் அவர் தோளைப் பிடிப்பான். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒரு எழுத்துக்கூட மாறக் கூடாது.

அமுதா ஒத்துக்கொள்வாளா என்றுதான் பயம். கமலவேணியை விட்டுக் கேட்கச் சொன்னேன். 'சரி'ன்னு சொல்லிட்டா என்று வந்து சொன்னாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். என் மகள், என் ரத்தம். மனசு இறங்கிவிட்டாள்.

ஜூலை 2, செவ்வாய்

அழைப்பிதழை நானே வடிவமைத்து அடித்தேன். கெட்டி அட்டை, நீல மை, தங்க நங்கூரம். மாநிலம் மேலே, மாவட்டம் அதற்குக் கீழே, நகரம், வட்டம், மகளிரணி, இளைஞரணி. யார் பெயர் யாருக்குக் கீழே வரக் கூடாது என்று அடைக்கலம் மூன்று முறை திருத்தினார். படத்தின் அளவில் ஒரு நூல் கூடினாலும் சண்டை வரும். முப்பது வருடத் தொழிலில் இவ்வளவு பாடுபட்டு ஒரு அழைப்பிதழ் அடித்ததில்லை. ஆயிரம் பிரதி.

ஜூலை 4, வியாழன்

அழைப்பிதழைக் கமலவேணியிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே வரை படித்தாள். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"இதுல அமுதா பேரு எங்க?"

வாங்கிப் பார்த்தேன். இல்லை. மாப்பிள்ளை பேரும் இல்லை. பிள்ளையைப் பெற்றவர்கள் யார் என்று எங்கேயும் இல்லை.

"இடம் பத்தல" என்றேன்.

அவள் ஒரு பிரதியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு கீழத் தெருவுக்குப் போனாள். மறுபடி அடிக்கலாம் என்றால் பாதிக்கு மேல் கொடுத்தாகிவிட்டது. எல்லோருக்கும் தெரிந்ததுதானே, யார் பிள்ளை என்று.

ஜூலை 14, ஞாயிறு

ஒன்பதரைக்கு எல்லாம் தயார். மண்டபம் முழுக்க நீலம். வெள்ளித் தொட்டில், மல்லிகைச் சரம். தலைவர் வருகிற நேரத்துக்கு அமுதா பிள்ளையோடு நேரே இங்கே வந்துவிடுவாள் என்றிருந்தேன். ராசமாணிக்கம் தனியாக வந்தார், கையில் ஒரு சின்ன நகைப் பெட்டியோடு. மேடையேறித் தொட்டில் பக்கம் போய் நின்றார். நான் கண் காட்டினேன்.

"பெரியவரே, கொஞ்சம் ஒதுங்குங்க. போட்டோவுல மறைக்குது."

எழுத்து மாறாமல் சொன்னான் பையன். ராசமாணிக்கம் என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. இறங்கிப் போய்ப் பின்னால் தூண் ஓரம் நின்றார். இந்த நிமிஷத்துக்காக ஒரு வருடம் காத்திருந்தேன்.

துணைத் தலைவர் பதினொன்றுக்கு வந்தார். கூட்டம் மேடையை மொய்த்தது. நான் பின்னால் தள்ளப்பட்டுத் தூண் பக்கம் வந்துவிட்டேன், ராசமாணிக்கத்துக்கு அடுத்து. இரண்டு பேருக்கும் முதுகுகள்தான் தெரிந்தன. "குழந்தையக் கொண்டாங்க" என்று மைக்கில் சத்தம் வந்தது. மறுபடியும் வந்தது. யாரும் வரவில்லை.

கமலவேணிக்குப் போன் போட்டேன். அமுதா எடுத்தாள்.

"காலையில ஆறு மணிக்கே பேரு வச்சாச்சுப்பா. அவரும் நானும் அம்மாவும் மட்டும்தான். நல்லபடியா முடிஞ்சுது."

"இங்க எல்லாரும் காத்திருக்காங்கம்மா. என்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"அழைப்பிதழைப் பார்த்தேன். எங்க பேரு இல்ல. அதான் எங்கள அழைக்கலைன்னு நெனச்சோம்."

வைத்துவிட்டாள். என்ன பேர் என்று நான் கேட்கக்கூட இல்லை.

மேடை மட்டும் சும்மா இருக்க முடியுமா? அடைக்கலம் ஓடிப்போய் மகளிரணிப் பெண் ஒருத்தியின் பிள்ளையை வாங்கிக் கொடுத்தார். ஒன்றரை வயது, ஏற்கெனவே பேர் வைத்த பிள்ளை. துணைத் தலைவர் அதைத் தூக்கி 'வெற்றிச்செல்வி' என்றார். அது ஆண் பிள்ளை. எல்லோரும் கை தட்டினார்கள்.

"என்னாச்சு சம்பந்தி?" என்று கேட்டார் ராசமாணிக்கம். பிள்ளைக்கு லேசாக ஜுரம் என்றேன். அவர் நகைப் பெட்டியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஜூலை 15, திங்கள்

காலையில் ராசமாணிக்கம் அச்சகத்துக்கு வந்தார். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே கேட்டார்.

"பேரு வச்சுட்டாங்களாமே. என்ன பேருங்க சம்பந்தி? தம்பி போனை எடுக்க மாட்டேங்குறான்."

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியலைங்க."

"நல்ல பேருதான்" என்றேன்.

"சொல்லக் கூடாதா?"

"அமுதாவே சொல்லட்டுமே."

மனுஷன் முகம் சுருங்கிவிட்டது. பதினோரு ஓட்டில் தோற்றபோதுகூட இந்த முகத்தை நான் பார்க்கவில்லை. திரும்பிப் போகும்போது கம்பத்தின் அடியில் குனிந்து இரண்டு கல்லை எடுத்து வைத்துவிட்டுப் போனார். தோற்ற ஆளுக்கு எவ்வளவு திமிர்.

மத்தியானம் கமலவேணி துணி எடுக்க வந்தாள். பேர் என்ன என்று கேட்டேன்.

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா."

"தாத்தாகிட்டக் கூடவா?"

"ரெண்டு தாத்தாவுக்கும் ஒரே பேச்சுதான். கட்சிக் கரை இல்லாத வேட்டியைக் கட்டிக்கிட்டு, தனியா வந்து, வாசல்ல நின்னு கேக்கணுமாம். வந்தா பிள்ளையையும் மடியில தருவாளாம்."

"அவருக்குச் சொல்லியாச்சா?"

"சாயங்காலம் மாப்பிள்ளை போயிச் சொல்றாரு."

அவள் போனதும் பெட்டியைக் கிளறினேன். அடியில் பழைய வெள்ளை வேட்டி ஒன்று கிடைத்தது. அச்சகத்துக்குக் கட்டியது, முழங்கால் பக்கம் மைக்கறை. இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். இப்போது மணி மூன்று. நாலு மணிக்குப் போனால் அந்த ஆளுக்கு முன்னால் எனக்குப் பேர் தெரிந்துவிடும். இந்த ஒன்றிலாவது அவரை முந்த வேண்டும். அதற்காகத்தான் போகிறேன், வேறு எதற்கும் இல்லை.

வேட்டி ஏன் மாறியது என்று வழியில் யாராவது கேட்டால், கொள்கை என்று சொல்லிக்கொள்கிறேன்.